தூக்குச்சட்டிக்குள் பவளப்பாறை

கடலுக்கடியில் இறங்கி மீன்களைப் படம் பிடிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது என்று சொன்னால், காஞ்சிபுரத்தில் என்னைத் தெரிந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை சிரிப்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. பூட்டிய வீட்டைப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவன் நான். பஸ் டிரைவர் கொட்டாவி விட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். மழை வரும்போல் இருந்தால் குடை எடுத்துக்கொள்வேன். வராதுபோல் இருந்தால், ஏன் இன்னும் வரவில்லை என்று கவலைப்படுவேன். இப்படிப்பட்டவன் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு மன்னார் வளைகுடாவில் முழுகி முழுகி எழுந்தான் என்றால் யார் நம்புவார்கள்?

இதை எழுத வைத்தது எங்கள் செவிலிமேட்டுத் தெருப் பெண் பவித்ரா. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. விடுமுறைக்கு ராமேஸ்வரம் பக்கம் போய்க் கடலில் முழுகிவிட்டு வந்து, போனை என் முன்னால் நீட்டினாள்.

"அங்கிள், ஒரே முழுக்குல நானூறு போட்டோ!"

"போன் நனையலையாம்மா?"

"பிளாஸ்டிக் பை அங்கிள். வாய இழுத்து ஒட்டினா போதும்."

"ஒட்டினதுக்கு அப்புறம் விரலால தடவிப் பாத்தியா?"

"எதுக்கு?"

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. போன் பத்திரமாக என் கண்ணெதிரில்தான் இருக்கிறது, அதில் மீன்களும் பளிச்சென்று இருக்கின்றன. அப்படியும் அடித்தது. "நீங்க இதையெல்லாம் எழுதுங்க அங்கிள், எங்க டைவிங் குரூப்ல எல்லாரும் படிப்பாங்க" என்றாள். ஸ்டூடியோக்காரர்கள் சங்க மலருக்கும் ஒரு கட்டுரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே பயந்து ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கள் வீட்டில் தறி இருந்தது. நெசவாளி உட்காரும் குழிக்குள் பாம்பு இருக்குமோ என்று நான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே நெய்ததைப் பார்த்த அப்பா, "இவன் பட்டை நெய்யல, பயத்த நெய்யறான்" என்று சொல்லி ஒரு போட்டோ ஸ்டூடியோவில் சேர்த்துவிட்டார். அங்கே இருட்டறை வேலை பிடித்துப்போனது. கதவைச் சாத்தினேனா, வெளிச்சம் வருகிறதா, மருந்து சரியான சூட்டில் இருக்கிறதா என்று ஓயாமல் சரிபார்க்க வேண்டிய வேலை அது. கவலைப்படுவதற்கே சம்பளம் கொடுத்த மாதிரி இருந்தது.

அங்கேதான் விக்டர் சார் வந்தார். எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடிக்காரர், முத்துக்குளிக்கும் வம்சம். மண்டபம் கடற்கரையில் பவளப்பாறைகளையும் அதிலுள்ள உயிர்களையும் ஆராயும் ஒரு சிறிய குழுவுக்கு அவர்தான் தலைவர். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் குடும்பத்தோடு காஞ்சிபுரம் வந்திருந்தார். புடவை எடுத்த கையோடு குடும்பமாக ஒரு படம் எடுத்துக்கொள்வது அந்த நாளில் வழக்கம்.

நான் பிலிமைச் சரிபார்த்தேன். விளக்கு ஒயரைச் சரிபார்த்தேன். அவர் மனைவி உட்கார்ந்த முக்காலியின் காலை அசைத்துப் பார்த்தேன். கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். மறுபடி பிலிம். அந்த அம்மா கைக்குட்டைக்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

விக்டர் சார் எங்கள் முதலாளியிடம் கேட்டார்: "இவன் எப்பவும் இப்படித்தானா?"

முதலாளிக்கு வெட்கம். "பயந்தாங்கொள்ளி சார். நல்ல பையந்தான். ஆனா வெளக்கு எரியுதான்னு இன்னொரு வெளக்கு கொண்டாந்து பாப்பான்."

"எங்கிட்ட படம் பிடிச்சவன் பெரிய தைரியசாலி. அதான் அவன வீட்டுக்கு அனுப்பிட்டேன். எனக்குப் பயப்படுதவன்தான் வேணும்." என் பக்கம் திரும்பினார். "நீச்சல் தெரியுமால?"

சர்வதீர்த்தக் குளத்தில் கற்றிருந்தேன். தெரியும் என்று தலையாட்டினேன். தலையாட்டியது நான்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூச்சை விடு, மூச்சை அடக்காதே, மூச்சை விடு. இதுதான் மொத்தப் பாடம். காதுக்குள் கடல் ஏறி உட்காரும்போது மூக்கைப் பிடித்து ஊத வேண்டும். முதல் நாள் தண்ணீருக்கடியில் நான் கண்ணை மூடிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது நாள் ஒரு கண்ணைத் திறந்தேன். மஞ்சள் மீன் ஒன்று என் முகக்கண்ணாடிக்கு முன்னால் நின்று, இவன் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த கண் தானாகத் திறந்துகொண்டது.

அந்தக் காட்சியை எப்படிச் சொல்வது? எங்கள் தெருவில் புடவை நெய்து முடித்து விரித்துக் காட்டும்போது ஒரு பளபளப்பு வருமே, அது கூட்டமாக நீந்திப் போனால் எப்படி இருக்கும்? மாம்பழ மஞ்சள் உடம்பு, கறுப்புக் கரை. மயில்கழுத்து உடம்பு, வாடாமல்லி வால். மேலே வந்ததும் விக்டர் சார், "என்ன பாத்த?" என்று கேட்டார். "சார், ஒரு மீன் கோர்வை போட்டிருந்தது சார், முந்தி மட்டும் எலுமிச்சை!" என்று கத்தினேன். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இணைத்து நெய்வதைத்தான் நாங்கள் கோர்வை என்போம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றிலிருந்து என் பெயர் பட்டு.

விக்டர் சார் குட்டையானவர், வழுக்கை. திட்டவே மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு நழுவிவிடுவோம்.

படகில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லிக்காட்ட வேண்டும், ஆனால் கடைசியிலிருந்து முதலுக்கு. "பின்னாலருந்து சொல்லு" என்பார். கயிறு, இடுப்பு ஈயம், கையிருப்புக் காற்றுக்கான கம்பி, வால்வு, முகக்கண்ணாடி, ஃபிளாஷ் பல்ப், பெட்டி மூடி, ரப்பர் வளையம், பிலிம். "முன்னாலருந்து சொன்னா அது வெறும் பாட்டுதாம்ல. வாய் பாடும், புத்தி தூங்கும். பின்னாலருந்து சொன்னாத்தான் ஒவ்வொண்ணையும் பாப்ப."

இதில் ரப்பர் வளையம்தான் எனக்கு எமன். கேமரா ஒரு கண்ணாடிபோன்ற தடித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும். பெட்டிக்கும் மூடிக்கும் நடுவில் வளையல் மாதிரி ஒரு ரப்பர். கடலுக்கும் கேமராவுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு வளையல்தான். அதை எடுத்துத் துடைத்து, பசை தடவி, திரும்பப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சுண்டுவிரலால் சுற்றித் தடவ வேண்டும். ஒரு மணல் துகள், ஒரு முடி இருந்தாலும் கடல் அந்த வழியாக உள்ளே வந்துவிடும். "கண்ணு பொய் சொல்லும். சுண்டுவிரல் சொல்லாது. தடவியாச்சா? மூடு. மூடினதத் தெறக்காத."

கடைசியில் கயிறு. படம் எடுப்பவன் சின்ன ஓட்டை வழியாக மீனைப் பார்த்துக்கொண்டே உலகத்தை மறந்துவிடுவான். அதனால் என் இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை, என் பின்னாலேயே நீந்தி வரும் விக்டர் சார் கையில். ஒரு இழுப்பு இழுத்தால், நலமா என்று அர்த்தம். நலம் என்றால் நானும் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். இரண்டு இழுத்தால், காற்றைப் பார். மூன்று என்றால், மறு பேச்சில்லாமல் மேலே வா.

வேலை இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தது. ஊரில்தான் சிக்கல்.

எங்கள் தெருவிலேயே, எங்களுக்கு மாமன் முறையாகும் ஆறுமுகம் என்பவரின் மகள் கோமளா. அவள் அப்பா நெய்யும் புடவைக்கு எந்த உடம்புக்கு எந்தக் கரை என்று முடிவு செய்வது அவள்தான். அவளை எனக்குப் பேசியிருந்தார்கள். நான் கடல் வேலைக்குப் போனதும் ஆறுமுக மாமா பின்வாங்கிவிட்டார். நான் லீவில் வந்தபோது தறிக்குழியில் இருந்தபடியே சொன்னார்:

"தப்பா நெனச்சிக்காதப்பா. மேல காத்து இருக்குது. அத வுட்டுட்டு, டின்னுல காத்த அடச்சி எடுத்துக்கினு தண்ணிக்குள்ள போறியே, நாயமா? நீ அங்க முழுவறப்பல்லாம் எம்பொண்ணு இங்க மூச்சப் புடிச்சிக்கினு குந்தியிருக்கணுமா?"

"பத்திரமாத்தான் மாமா போறோம்."

"கெணத்துல வுழுந்தவனும் பத்திரமாத்தான் எட்டிப் பாத்திருப்பான்." தறியில் ஓடும் நூல் ஓடத்தை ஒரு தட்டுத் தட்டினார். "சித்திரைக்குள்ள ஒரு முடிவு சொல்லு. கடலு வேணும்னா கடலு. கோமளா வேணும்னா கோமளா."

உண்மையைச் சொன்னால், அவர் பேசியது எதுவும் எனக்குப் புதிதில்லை. அவ்வளவையும் நான் ஏற்கெனவே, இன்னும் மோசமாக, யோசித்து வைத்திருந்தேன்.

வாசலில் கோமளா நின்றிருந்தாள். "அந்த மீனுங்க நெஜமாவே அந்தக் கலர்ல இருக்குதா? இல்ல, நீங்க சும்மா அளக்கறீங்களா?"

"சத்தியமா."

கையில் ஒரு சின்ன நூல் கொத்தை வைத்தாள். அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி. எல்லாம் பட்டு நூல். "இத மீனுக்குப் பக்கத்துல வெச்சிப் படம் எடுத்துக்கினு வாங்க. எங்கப்பா வாயப் பாத்து நம்ப மாட்டாரு. நூலப் பாத்தா நம்புவாரு. அவருக்குக் காட்டி நான் பேசறேன்."

அவ்வளவுதான். என் கல்யாணம் ஒரு கொத்து நூலிலும் ஒரு சுருள் கலர் பிலிமிலும் வந்து நின்றது.

கலர் பிலிம் அப்போது அரிது. அந்தப் பருவத்துக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. முப்பத்தாறு படம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று எப்போது வேண்டுமானாலும் தொடங்கும். தொடங்கிவிட்டால் கடல் கலங்கிவிடும், பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் காலை கடல் எண்ணெய்போல் கிடந்தது. "பட்டு, இன்னைக்கு விட்டா இல்ல. பின்னாலருந்து சொல்லு" என்றார் விக்டர் சார். சொன்னேன். வளையத்தைத் தடவினேன். மூடினேன். அவரும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பெட்டிக்கு முன்னால் தூரம் அளக்க ஒரு கம்பிச் சட்டம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மூலையில் கோமளாவின் நூல் கொத்தைக் கட்டினேன். விரலெல்லாம் பசை. கட்டி முடித்ததும் எனக்கு வழக்கமான சந்தேகம் வந்தது. வளையம் சரியாக உட்கார்ந்ததா? உட்கார்ந்தது. நானே தடவினேன். இருந்தாலும்? விக்டர் சார் ஈயத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது பெட்டியைத் திறந்தேன், சுண்டுவிரலால் மெதுவாக ஒரு சுற்று தடவினேன், திருப்தியாக மூடினேன்.

உள்ளே போனதும் எல்லாக் கவலையும் மறந்துபோனது. அன்றைக்கு அந்தப் பாறைக்குத் திருவிழாபோல. பெரிய கிளிமீன் ஒன்று பாறையைக் கடித்துக் கொறிக்கும் சத்தம், யாரோ பக்கத்து வீட்டில் முறுக்குத் தின்பதுபோல் கேட்டது. கடல்தாமரைக்குள் ஆரஞ்சு மீன்கள் ஒளிந்து எட்டிப் பார்த்தன. ஆழத்தில் சிவப்பு செத்துவிடும். கோமளாவின் அரக்கு, கருகின வெல்லம் மாதிரித் தெரிந்தது. பல்பை எரித்தால்தான் அந்த ஒரு நொடியில் அது உயிர் பெறும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பல்ப். எரிந்ததைக் கழற்றிப் பைக்குள் போட்டு, புதியதைச் செருக வேண்டும். எரிந்த பல்ப் கை நழுவினால் அது மேலே ஓடிவிடும், நான் அதைத் துரத்துவேன், விக்டர் சார் கயிற்றை இழுப்பார்.

கட்டைவிரல் பருமன் இருக்கும் ஒரு நீல மீன், தன் பாறைக்கு வந்த நூல் கொத்தைப் பார்த்துவிட்டது. பாய்ந்து வந்து வாடாமல்லியைக் கவ்வி இழுத்தது. விட்டது. தூரப் போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்தது. நூலுக்கும் மீனுக்கும் இழுபறி நடக்க நடக்க, நான் தண்ணீருக்கடியில் வாய்விட்டுச் சிரித்து, உப்புத் தண்ணீரைக் குடித்து, சிரித்தபடியே படம் எடுத்தேன். அந்த மீன் அடித்த நிறம்! மயில்கழுத்துதான். ஆனால் எங்கள் சாயக்காரர் எவருக்கும் கிடைக்காத மயில்கழுத்து.

அப்போதுதான் பெட்டியின் ஜன்னலுக்குள் ஒரு கோடு தெரிந்தது. கோடு ஆடியது. தண்ணீர்.

இடுப்பைச் சுழற்றித் திரும்பினேன். விரல் தானாகப் பொத்தானை அமுக்கிவிட்டது. பளீர் என்று பல்ப் எரிந்தது. அடுத்த நொடி, கயிறு மூன்று முறை இழுபட்டது.

படகில் விக்டர் சார் பெட்டியைத் திறந்து வளையத்தை வெளிச்சத்தில் பிடித்தார். அரக்கு நிறத்தில், முடியைவிட மெல்லிய ஒரு இழை, பசையில் ஒட்டிக்கொண்டு வளையத்தின் குறுக்கே கிடந்தது. காஞ்சிபுரத்துப் பட்டு. என் விரலில் ஒட்டியிருந்து, என் கூடுதல் தடவலில் அங்கே போய்ப் படுத்துக்கொண்டிருக்கிறது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரிக்கிறார்!

"மூழ்கடிக்கணும்னா ஒரு மணல் போதும்ல. நீ பட்டு போட்டு மூழ்கடிச்சிருக்க!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பிலிம் போச்சா சார்?"

"காஞ்சாதான் போகும். ஈரம் காயாம மெட்ராஸ் லேபுக்குக் கொண்டு போய்ட்டா பிழைக்கலாம். நல்ல தண்ணில போட்டு வை. உப்பு படக் கூடாது. வெளிச்சம் படக் கூடாது. இன்னைக்கு ரயில்லயே போ."

பிலிம் சுருளைத் தகர டப்பியில் தண்ணீரோடு மூடி, டப்பி ஒழுகும் என்பதால் அதை ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியில் கிணற்றுத் தண்ணீருக்குள் அமுக்கி, மேலே கறுப்புத் துணி சுற்றி, ராமேஸ்வரத்திலிருந்து வந்த ரயிலில் ஏறினேன். மடியில் தூக்குச்சட்டி. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தேன்.

எதிர் சீட்டில் நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு அம்மாள். பெயர் நாகம்மா, ஊர் எங்கள் காஞ்சிபுரம் பக்கத்துத் திருப்புட்குழி. ராமேஸ்வரம் போய்விட்டுத் திரும்புகிறார். நான் பிடித்திருந்த பிடியைப் பார்த்தார்.

"தீர்த்தமாப்பா?"

ராமேஸ்வரத்து ரயிலில், மடியில் தண்ணீர்ப் பாத்திரத்தோடு ஒருவன் வேறு எதைக் கொண்டுபோவான்?

"இல்லமா. உள்ள பிலிமு இருக்குது. போட்டோ பிலிமு."

"சாமி போட்டோவா?"

"மீனு போட்டோம்மா."

"மச்சாவதாரம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா, கேக்காமலேயே என்னை இங்க வந்து குந்த வெச்சிருக்கான் பெருமாளு. ஒரு சொட்டு குடுப்பா, கண்ணுல ஒத்திக்கறேன்."

கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மூடியைக் கொஞ்சம் திறந்து ஒரு சொட்டு விட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் கையை நீட்டினார். அதற்குப் பக்கத்துச் சீட்டு. நடைபாதையிலிருந்து ஒரு கை. மானாமதுரை தாண்டுவதற்குள் ரயில் பெட்டியே வரிசையில் நின்றது. டிக்கெட் பரிசோதகர் வந்தார். தப்பித்தேன் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார்.

தண்ணீர் பாதியாகக் குறைந்துவிட்டது. டப்பியின் தலை வெளியே தெரிந்தது.

"ஐயோ, கொறஞ்சு போச்சே!" என்றார் நாகம்மா. "இருப்பா, எங்கிட்ட இருக்குது." தன் பித்தளைச் சொம்பை எடுத்தார். வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். அக்கினி தீர்த்தம். என்றால் கடல். சுத்தமான, அசல், உப்புக் கடல்.

"ஊத்தாதீங்க!"

நான் போட்ட கூச்சலில் மேல் பலகையில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து தலையை இடித்துக்கொண்டார். தூக்குச்சட்டியின்மேல் குப்புறக் கவிழ்ந்து படுத்துவிட்டேன்.

நாகம்மா சொம்பை மெல்லக் கீழே வைத்தார். "தப்புதாம்பா. உன்னோடது ஒரு வேண்டுதல், என்னோடது ஒரு வேண்டுதல். ரெண்டையும் கலக்கக் கூடாது." அவருக்கு என்மேல் மரியாதை கூடிவிட்டது. அடுத்த ஸ்டேஷனில் அவரே இறங்கிப் போய்க் குழாய்த் தண்ணீர் பிடித்துவந்து நிரப்பினார். செங்கல்பட்டில் இறங்கும்போது, "கல்யாணம் ஆவணும்னு வேண்டுதலா?" என்று கேட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, "ஆமாம்மா" என்றேன். அது பொய் இல்லையே. "யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

மெட்ராஸ் லேபில் இருந்தவர் தூக்குச்சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "மீனத் தண்ணிலேர்ந்து எடுப்பாங்க. நீ இன்னாடான்னா மீனு படத்தையும் தண்ணியோட கொண்டாந்திருக்கிற" என்றார். ஆனால் நல்ல மனிதர். ஈரம் காயாமலே எடுத்துப்போனார். பெரும்பாலான படங்கள் திட்டுத் திட்டாகப் போய்விட்டன. பிழைத்தவற்றை ஸ்லைடுகளாக வெட்டிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்தபோது வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை. அப்படியே பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

ஆறுமுக மாமா வீட்டில் தறிக்கூடத்து ஜன்னல்களுக்குச் சாக்கு மறைப்புக் கட்டி, தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினோம். ஸ்டூடியோ முதலாளி புரொஜக்டர் கொடுத்திருந்தார். பட்டப்பகலில் தெருவே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. மாமா குழியை விட்டு எழவில்லை.

"ராமேஸ்வரத்துலேர்ந்து தீர்த்தம் எடுத்துக்கினு வந்தியாமே? திருப்புட்குழி அம்மா ஒருத்தங்க வந்து, மாப்பிள்ளைன்னா இப்பிடி இருக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க."

"தீர்த்தம் இல்ல மாமா. பிலிமு."

"அதான பாத்தேன்."

முதல் படம் விழுந்தது. நீல மீன், வாடாமல்லி நூலைக் கவ்வியபடி. பக்கத்தில் அரக்கு தகதகவென்று. கூடம் முழுக்க ஓவென்று ஒரு சத்தம்.

"ஏ, கோர்வை போட்டிருக்குது பாருடி!"

"அது மயில்கழுத்து இல்லடி, அதுக்கும் மேல!"

"மீனுக்கு யாரு சாயம் தோச்சது?"

கோமளா எழுந்து வேட்டிக்குப் பக்கத்தில் போய், படத்தின்மேல் விரலை வைத்தாள். "அப்பா, நம்ம அரக்குப்பா! கடலுக்குள்ள நம்ம அரக்கு!" அவள் கன்னத்தில் மீன் ஓடியது. அடுத்த படம், அடுத்த படம். பெண்கள் கரையும் உடம்பும் பிரித்துப் பிரித்துப் பேசினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமா மட்டும் அசையவில்லை. "அழகாத்தான் இருக்குது. நான் இல்லன்னு சொன்னனா? நெருப்புகூட அழகுதான்."

கடைசிப் படம் ஒன்று இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. தள்ளினேன்.

மீன் இல்லை. சாய்ந்த கோணத்தில் ஒரு மனிதர். முகக்கண்ணாடிக்குள் இரண்டு பெரிய கண்கள். ஒரு கையில் கயிறு, முஷ்டியில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கிறார். கயிற்றின் இந்த முனை படத்தின் கீழ் ஓரத்தில், என் இடுப்புக்கு வருகிறது. சுற்றிலும் அவ்வளவு மீன்கள். அவர் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் உள்ளே வந்ததும் நான் திரும்பிய கணத்தில் விழுந்த படம் அது.

"யாருப்பா இது?" மாமா குழியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"விக்டர் சார், மாமா. நான் படம் எடுக்கறப்ப எனக்குப் பின்னால அவருதான் கயித்தப் புடிச்சிக்கினு இருப்பாரு."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"அவரு மீனப் பாக்க மாட்டாரா?"

"நான் தண்ணிக்குள்ள இருக்கற வரிக்கும் பாக்க மாட்டாரு. அவரும் நம்மள மாதிரிதான் மாமா. ரொம்பப் பயப்படுவாரு."

மாமா வேட்டிக்கு அருகில் போனார். கயிற்றைக் கண்ணாலேயே இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பார்த்தார். முடிச்சு எப்படி, எத்தனை இழுப்புக்கு என்ன அர்த்தம், நீ பதில் இழுக்காவிட்டால் என்ன செய்வார், கயிறு பருத்தியா நைலானா, ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தனையும் நான் முதல் நாளே விக்டர் சாரிடம் கேட்ட கேள்விகள். தெரு கலைந்து போனது. கோமளா காபி கொண்டுவந்து வைத்து, அது ஆறிப்போக, மறுபடி சுட வைத்துக் கொண்டுவந்தாள். நாங்கள் இருவரும் என்னென்ன விபத்து நடக்கலாம் என்று அவ்வளவு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசியில், "இவரு கல்யாணத்துக்கு வருவாரா?" என்று கேட்டார்.

வைகாசியில் கல்யாணம். கச்சான் காற்று வீசும் காலம், கடலில் வேலையில்லை. விக்டர் சார் பட்டு வேட்டி கட்டி வந்து, நேராகப் போய் என் பின்னால் உட்கார்ந்துகொண்டார். தாலியை எடுத்தேன். முதல் முடிச்சு நான் போட்டேன். மற்ற இரண்டையும் எங்கள் வழக்கப்படி என் அக்கா போட்டாள். கெட்டிமேளம். அரிசி தலையில் விழுகிறது. எனக்குள் அந்தப் பழைய சந்தேகம் எழுந்தது. அக்கா அவசரக்காரி. மூன்றாவது முடிச்சு இறுகியதா? என் சுண்டுவிரல் தானாகக் கோமளாவின் கழுத்துப் பக்கம் போனது.

பின்னாலிருந்து கெட்டிமேளத்தையும் மீறி ஒரு குரல்: "ஏல பட்டு! மூடினதத் தெறக்காத!"

கோமளா சிரித்த சிரிப்பில் மாலை அறுந்துவிடும்போல் இருந்தது. ஐயரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். அப்போது என் இடுப்புத் துண்டு பின்னாலிருந்து ஒரு முறை இழுபட்டது. ஒரே ஒரு இழுப்பு. விக்டர் சார்தான் என்று நினைத்துத் திரும்பினேன். அவர் கை இரண்டும் அரிசி தூவிக்கொண்டிருந்தன. துண்டின் நுனியை முஷ்டியில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி நின்றிருந்தார் ஆறுமுக மாமா.

நானும் ஒரு முறை இழுத்தேன்.